டேனியல் ரூட்டர் வாங்கிய விதம்

காஞ்சிபுரத்தில் மூங்கில் மண்டபம் சிக்னலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் கடை இருக்கிறது. டிரில், கிரைண்டர், ரம்பம், ரூட்டர் என்று மரத்தையும் இரும்பையும் துளைக்கிற, அறுக்கிற, தேய்க்கிற மெஷின்களை விற்கிறோம். விற்பனை என் பொறுப்பு. பின்கட்டில் ரிப்பேர் வேலை என் கணவர் தினகரனுடையது. நான் பிறந்து வளர்ந்தது பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவில். பட்டுப் புடவை வாங்க வருகிறவர்களும் சரி, மெஷின் வாங்க வருகிறவர்களும் சரி, முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். அடுத்து விலை. மரத்தில் பள்ளம் எடுக்கிற ரூட்டராக இருந்தால் மூன்றாவதாக ஒரு கேள்வி வரும்: "எத்தனை வாட்ஸு?" இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்தால் போதும், விற்றுவிடலாம் என்றுதான் பதினாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கடையைத் திறந்து கூட்டி முடிப்பதற்குள் ஓர் அம்மா வேகமாக உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் பெரிய பை. வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கல்லா மேஜைமேல் குனிந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"மேடம், என் வீட்டுக்காரர் வெளிய செருப்பு கழட்டிக்கினு இருக்கறாரு. ரூட்டர் கேப்பாரு. ஸ்டாக் இல்லன்னு சொல்லி அனுப்பிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"ஏம்மா?"

"அவருக்குக் கண்ணு தெரியாது."

நான் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார். "நான் ஆஸ்பத்திரில டிரெஸ்ஸிங் ரூம்ல நர்ஸா இருக்கறேன். மிஷின்ல வெரலை வுட்டுக்கினு வர்றவங்களுக்கு வாரத்துக்கு ரெண்டு பேருக்காவது கட்டு போடறேன். வீட்லயும் அதையே பண்ணச் சொன்னா என்னால ஆவாது."

அவர் பெயர் சுகாசினி என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது நான் தலையை மட்டும் ஆட்டினேன். கண் தெரியாத ஒருவருக்கு நிமிஷத்துக்கு இருபத்தையாயிரம் தடவை சுற்றுகிற கத்தியை விற்க எனக்கும் மனசு இல்லை.

அவருடைய வீட்டுக்காரர் உள்ளே வந்தார். உயரமான ஆள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மடக்கிய கோலை இடது கையில் பிடித்திருந்தார். வலது கையின் பின்புறம் மேஜை விளிம்பில் பட்டதும் நின்று, நான் இருக்கும் பக்கம் சரியாக முகத்தைத் திருப்பினார்.

"வணக்கம்மா. என் பேரு டேனியல். ஓரிக்கைலேர்ந்து வர்றேன். ஒரு பிளஞ்ச் ரூட்டர் பாக்கணும்."

"வணக்கங்க. ரூட்டர் ஸ்டாக் இல்லைங்களே. அடுத்த வாரம் தான்..."

நான் முடிப்பதற்குள் பின்கட்டில் தினகரன் ஒரு மெஷினை ஓடவிட்டார். வீல் என்ற சத்தம் கடையை நிறைத்து, சில நொடிகளில் அடங்கியது.

"அது கிரைண்டருங்க. ரிப்பேருக்கு வந்தது," என்றேன்.

டேனியல் சிரித்தார். "கிரைண்டர் இந்த உச்சத்துக்குக் கத்தாதும்மா. அது ரூட்டரு. வெட்டற பிட்டு மாட்டாம வெறுமே ஓட்டுறாரு. கீழ்ப் பேரிங்குல லேசா கரகரன்னு ஒரு சத்தம் இருக்குது. நிக்கறப்ப அது நல்லா கேட்டுது."

தினகரன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். இங்கே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. "அகிலா, அந்த வேலூர்க்காரர் ரூட்டர்ல கீழ்ப் பேரிங் போச்சு. புதுசு எடுத்து வை," என்றார்.

டேனியல் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. பொய் சொன்ன எனக்கு வெட்கமாகிவிட்டது.

"நீதான் சொல்லச் சொல்லியிருப்பேன்னு தெரியும் சுகா," என்றார் டேனியல், மனைவி நின்ற பக்கம் திரும்பி. குரலில் கோபம் இல்லை. "நான் ஒரு செருப்பு கழட்டறதுக்குள்ள நீ உள்ள ஓடின. எப்பவும் கை புடிச்சித்தானே கூட்டிக்கினு வருவ?"

சுகாசினி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் இருவருக்கும் நாற்காலி போட்டேன். விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. கேட்டேன். மறைக்காமல் சொன்னார்.

அப்பா காலத்தில் சொந்த நிலம் கிடையாது. ஊரார் வயலில் கூலி வேலை. டேனியல் பதினெட்டு வயதில் லாரி கிளீனராகப் போய், ஓட்டக் கற்று, கடைசிப் பதினாறு வருஷம் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் கம்பெனி பஸ் ஓட்டினார். ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி இறக்குவது. காஞ்சிபுரத்தைச் சுற்றி அவர் பஸ் நுழையாத ஊர் இல்லை. ஒரு நாள் காலை, இடது பக்கமாக வந்த சைக்கிள்காரர் கண்ணில் படவே இல்லை. கடைசி நொடியில் யாரோ கத்தியதால் பிரேக்கைப் போட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கே சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி, பக்கவாட்டுப் பார்வை முன்பே போய்விட்டிருந்தது. மூன்று வருஷத்தில் நடுவில் இருந்த பார்வையும் போயிற்று.

"ஒரு வருசம் சும்மா உக்காந்திருந்தேம்மா. அப்புறம் வீட்ல ஒரு ஸ்டூலு ஒடைஞ்சிது. ஆணி அடிச்சிப் பாத்தேன். நின்னுது. அதுலேர்ந்து புடிச்சிக்கிச்சி."

இப்போது வீட்டின் பின்னால் ஷீட் போட்ட இடத்தில் அவர் கைரம்பத்தில் அறுத்து, கையால் இழைத்து, ஸ்டூலும் செருப்பு ஸ்டாண்டும் செய்கிறார். தெருவில் ஆறேழு வீட்டில் அவருடைய சாமான் இருக்கிறது. அலமாரி செய்ய ஆசை. தட்டுகள் உட்கார பக்கப் பலகையில் பள்ளம் எடுக்க வேண்டும். உளியால் எடுத்தால் ஒரு பள்ளத்துக்கு இரண்டு நாள் ஆகிறது. ஆழமும் ஒரே மாதிரி வருவதில்லை.

"ரூட்டர்லயே சின்னது இருக்குதே, டிரிம்மர். அது விலையும் கம்மி, வெயிட்டும் கம்மி," என்றேன்.

"கேள்விப்பட்டேம்மா. போன்ல நிறைய வீடியோ கேட்டேன். அதுல பிட்டு எப்பவும் வெளிய நீட்டிக்கினே இருக்கும். கீழ வெச்சாலும் நீட்டிக்கினு இருக்கும். எனக்கு அது ஆவாது. பிளஞ்ச் ரூட்டர்ல அழுத்தினாதான் பிட்டு எறங்கும். கைய விட்டா ஸ்பிரிங்கு மேல தூக்கிடும். கண்ணு இல்லாதவனுக்கு அதுதான் மரியாதையான மிஷினு."

டிரிம்மரா பிளஞ்சா என்று கேட்டு வந்த எத்தனையோ பேரிடம் நான் வாட்ஸையும் விலையையும் மட்டுமே சொல்லியிருக்கிறேன். இந்த வித்தியாசத்தை இவ்வளவு தெளிவாக நானே சொன்னதில்லை.

தினகரனுக்குத்தான் தயக்கம் போகவில்லை. "சார், நான் நேராவே சொல்றேன். எங்க கடைல வாங்கினுபோய் உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் தூங்க மாட்டேன்."

"விக்க வேணாம்பா. காட்டு. தொட்டுப் பாத்துட்டுப் போறேன்."

அதை யார் மறுக்க முடியும்? ஏழாயிரத்துக்குள் அடங்குகிற மூன்று மெஷின்களை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தேன். பிளக் எதிலும் மாட்டவில்லை. முதலாவது பெரியது, ஆயிரத்து எண்ணூறு வாட்ஸ், விலையும் மூன்றில் குறைவு. ஊரில் முக்கால்வாசி பட்டறைகளில் அந்த மாதிரிதான் இருக்கும். இரண்டாவது பளபளப்பானது. வெட்டுகிற இடத்தைக் காட்ட அடியில் விளக்கு எரியும். மூன்றாவது நடுத்தரம், ஆயிரத்து இருநூறு வாட்ஸ். அட்டைப்பெட்டி மழையில் நனைந்து கிழிந்துபோனதால் ஆறு மாதமாக யாரும் கேட்காமல் அலமாரியில் கிடந்தது.

டேனியல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

முதலில் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் தூக்கி எடை பார்த்தார். அப்புறம் அதன் அடித்தட்டைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, நான்கு மூலையிலும் ஒரு விரலால் தட்டினார். ஆடுகிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. கைப்பிடிகளைப் பிடித்து அழுத்தி இறக்கினார். விட்டார். ஒரு கையால் மட்டும் அழுத்தினார். பாதி ஆழத்தில் பூட்டிவிட்டு மோட்டாரை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். காதை அருகில் கொண்டுபோய் மறுபடியும் அழுத்தினார்.

"இந்த ரெண்டாவது மிஷினு கம்பில வழுக்கிக்கினு எறங்குது, ஆனா பூட்டின பொறவும் ஆடுது. ஒரு முடி அளவுதான். அந்த முடி அளவு பள்ளத்துல அப்படியே வரும். பூட்டுற லீவரைத் தொடணும்னா கைய எடுக்கணும். நான் கைய எடுக்க மாட்டேன்," என்றார். நான் விளக்கைப் பற்றி வாயைத் திறந்தேன். "லைட்டுக்கு நான் இன்னாத்துக்குமா காசு குடுக்கணும்?" என்றதும் சுகாசினிகூடச் சிரித்துவிட்டார்.

ரூட்டரில் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று நிறுத்தி வைக்க ஒரு கம்பி இருக்கும். அதற்கு நேர் கீழே மூன்று படி வைத்த ஒரு சின்னத் திருகு வட்டு. கம்பி எந்தப் படியில் போய் இடிக்கிறதோ அந்த ஆழத்தோடு மெஷின் நின்றுவிடும். பக்கத்திலே மில்லிமீட்டர் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டை அவர் எப்படிப் படிப்பார் என்று தினகரன் கேட்டார்.

டேனியல் சட்டைப் பையிலிருந்து நாலு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்தார். மூன்றாவது மெஷினில் ஒரு பிட்டை மாட்டித் தரச் சொல்லி, அதன் நுனி மேஜையைத் தொடும்வரை இறக்கிப் பூட்டினார். நாலு நாணயத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக அந்த வட்டின்மேல் அடுக்கி, கம்பியை அதன்மேல் உட்கார வைத்துத் திருகினார். நாணயத்தை உருவிவிட்டார்.

"நாலு காசு கனம் எறங்கும். அவ்ளோதான். ஆறு மில்லிமீட்டருக்கு ஒரு துளி கம்மி."

தினகரன் அளவுக் கருவியை எடுத்து அளந்தார். ஐந்து புள்ளி எட்டு. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். இருபது வருஷமாக மெஷினைக் கழற்றி மாட்டுகிற மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல வாயைப் பிளந்து நின்றார்.

மூன்றாவது மெஷினில் டேனியல் அதிக நேரம் இருந்தார். லீவர் இடது கட்டைவிரலுக்கு எட்டியது. சுவிட்ச் வலது கைப்பிடியிலேயே இருந்தது. படி வட்டைத் திருப்பினால் ஒவ்வொரு படிக்கும் 'டக்' என்று தெளிவாக உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை ஏழெட்டு முறை கேட்டார். முதலாவதும் மூன்றாவதும்தான் மிச்சம் என்றார். விலை அவரை முதலாவதின் பக்கம் இழுத்தது. அது தெரிந்தது.

"ஓட்டிப் பாத்தாதான் தெரியும் சார்," என்றார் தினகரன்.

விற்க மாட்டேன் என்று சொன்ன மனிதரே அதைச் சொன்னார். சுகாசினி எழுந்து நின்றுவிட்டார்.

பின்கட்டு மேஜையில் ஒரு தேக்குத் துண்டை இறுக்கிக் கட்டினோம். டேனியல் அதைத் தடவி, நீளத்துக்கு ஒரு நேர்ச் சட்டத்தை இடது பக்கமாகப் பூட்டச் சொன்னார். "தள்ளிக்கினு போறப்ப மிஷினு இடது பக்கம் இழுக்கும். அந்தப் பக்கம் சட்டம் இருந்தா அதும்மேல தானா ஒட்டிக்கினு போவும்." காதில் ஒன்றும் மாட்டமாட்டேன் என்றார், கண்ணாடி மட்டும் போட்டுக்கொண்டார். கண்ணாடி எதற்கு என்று நான் நினைத்ததை அவர் எப்படியோ உணர்ந்து, "முகத்துல தூசி அடிச்சா பயந்துடுவேம்மா," என்றார்.

முதலாவது மெஷினில் தினகரன் பிட்டை மாட்டி, ஸ்பேனரால் இறுக்கிக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டதும் மெஷின் கையில் ஒரு துள்ளு துள்ளியது. டேனியல் அசையவில்லை. இறக்கினார், தள்ளினார். ஒரு முழம் போயிருக்கும். திடீரென்று சுவிட்சை விட்டுவிட்டு, மெஷின் முழுக்க நிற்கும்வரை கைப்பிடியை விடாமல் காத்திருந்தார்.

"பிட்டு கீழ எறங்குது," என்றார்.

"இருக்காது சார். நான்தானே டைட் பண்ணேன்."

"சத்தம் கனமாவுதுப்பா. ஒரே ஆழத்துல போனா ஒரே சத்தம்தான் வரும். இது வரவர அடித் தொண்டைல பேசுது."

தினகரன் அளந்தார். தொடங்கிய இடத்தில் ஆறு. நின்ற இடத்தில் ஒன்பது. பிட்டைக் கவ்விப் பிடிக்கிற வளையம் உள்ளே சரியாகக் கடையப்படாமல், ஓட ஓடப் பிட்டை நழுவ விட்டிருந்தது. கண்ணால் பார்த்துக்கொண்டு நின்ற எங்கள் மூன்று பேருக்கும் பள்ளம் ஒழுங்காக இருப்பதாகத்தான் தோன்றியது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் பிட் பலகையைத் துளைத்து மேஜைக்குள் போயிருக்கும். அந்த மெஷினை அன்றைக்கே ஓரம் கட்டி, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினோம்.

மூன்றாவது மெஷின் மெதுவாக மூச்சை இழுப்பதுபோலத் தொடங்கி வேகம் எடுத்தது. கையில் துள்ளவில்லை. டேனியலின் தோள் இறங்கியது; முகம் தளர்ந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராகப் போய், கைப்பிடியை விட்டதும் 'சக்' என்று மேலே ஏறியது. அவர் சுவிட்சை அணைத்து, அது நின்றதும் மெஷினைப் பக்கத்தில் வைத்தார். வாயால் தூசியை ஊதினார். ஆள்காட்டி விரலைப் பள்ளத்தில் வைத்து ஓட்டினார். மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினார்.

"சுகா, இங்க வா. தொட்டுப் பாரு. புது ரோடு போட்டா மாதிரி இருக்குது."

சுகாசினி தொட்டுப் பார்த்தார். பையைத் திறந்து பர்ஸை எடுத்தார். "மேடம், அந்த மூணாவதையே குடுத்துடுங்க. ஆனா ஒண்ணு. ஒரு மாசத்துக்குப் பிட்டு என் கைலதான் இருக்கும். பிட்டு இல்லாம வெறும் மிஷினை வெச்சிப் பழகணும். ஒத்துக்கினா வாங்கித் தர்றேன்."

"ஒத்துக்கினேன்," என்றார் டேனியல் உடனே. பெட்டி கிழிந்ததற்காகக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தேன். தினகரன் உள்ளே போய், மோட்டாரில் தேய்ந்ததும் மாற்ற ஒரு ஜோடி கார்பன் பிரஷ்ஷைக் கொண்டுவந்து, சொல்லாமல் பையில் போட்டார்.

ஒரு மாதம் டேனியல் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கார்த்திகை வரை எங்களுக்கு அவ்வப்போது போன் வரும். எட்டு எம்.எம். பிட் இருக்கிறதா, வட்ட மூக்கு பிட் இருக்கிறதா என்று. அலமாரி முடிந்தது என்று ஒரு நாள் சொன்னார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர்கள் சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு, சுகாசினி கூப்பிட்டார்.

"அகிலா, நீயும் அண்ணனும் கொஞ்சம் வீட்டுக்கு வந்துட்டுப் போறீங்களா? இவரு ஒண்ணு பண்ணி வெச்சிருக்கறாரு. எனக்குச் சொல்லத் தெரியல."

இதற்குள் மேடம் போய் அகிலா ஆகியிருந்தேன். வேனை எடுத்துக்கொண்டு போனோம்.

பின்பக்க ஷீட்டுக்குக் கீழே, இரண்டு ஸ்டூல்களின்மேல் ஒரு பலகை கிடந்தது. நாலடிக்கு மூன்றடி இருக்கும். முதல் பார்வைக்கு ஏதோ பூச்சி அரித்த மரம்போலத் தெரிந்தது. குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளங்கள், நடுநடுவே வட்டக் குழிகள். கீழ் ஓரத்தில் மட்டும் கையகலத்துக்கு ஆழமில்லாமல் வழவழப்பாக ஒரு பட்டை ஓடியது.

"அது இன்னான்னு தொட்டுப் பாரும்மா," என்றார் டேனியல்.

நான் அந்த அகலப் பட்டையில் கையை வைத்தேன். அதன் அடி லேசாக அலை அலையாக, மணல் மாதிரி இருந்தது.

"பாலாறு," என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் முகம் மலர்ந்தது. என் விரலைப் பிடித்துப் பாலாற்றிலிருந்து மேலே ஏற்றினார். "இது ஓரிக்கை. இதோ நம்ம வீடு, சின்ன குழி. இந்த ரோட்டுல நேராப் போ. இது வேகவதி, சின்னப் பள்ளம். தாண்டிட்டியா? இடது கைப் பக்கம் பிரியுது பாரு, அது திருப்பருத்திக்குன்றம் போவுது. நேராப் போனா ஊரு."

பஸ் ஓட்டிய சாலைகள் அத்தனையும் அந்தப் பலகையில் இருந்தன. பெரிய சாலைக்கு அகலப் பிட், தெருவுக்குச் சின்ன பிட். கோயில்கள் மேடாக நின்றன. சுற்றியிருந்த மரத்தைக் குடைந்து எடுத்து அவற்றை விட்டிருந்தார். சர்வதீர்த்தக் குளத்தில் விரலை வைத்தேன். குளம் ஒரே குழியாக இல்லை. விரல் ஒரு படி இறங்கி, இன்னொரு படி இறங்கி, மூன்றாவதாகத் தண்ணீரில் போய் நின்றது. ரூட்டரின் மூன்று படி வட்டை வைத்தே அந்தப் படிகளை எடுத்திருந்தார்.

"வளைவெல்லாம் எப்படி சார்?" என்றார் தினகரன். சட்டத்தை ஒட்டித் தள்ளினால் நேர்கோடு வரும். கூரம் பக்கம் போகிற பாதை பாம்புபோல வளைந்திருந்தது.

"மூங்கில் பட்டைய மெலிசா சீவிக்கினேன். ரோடு எங்கெங்க திரும்புதோ அங்கங்க ஆணி. ஆணிய ஒட்டிப் பட்டைய வளைச்சா ரோடு மாதிரியே வளையும். அதை ஒட்டி மிஷினைத் தள்ளுனேன். ஆணி எங்க அடிக்கறதுன்னு மட்டும்தான் யோசிக்கணும். ராஜகுளம் தாண்டி மூணாவது கியர், அப்புறம் ரெண்டு எண்ணுனா திருப்பம்... அதெல்லாம் காலுக்குத் தெரியும்."

தினகரன் போனில் மேப்பைத் திறந்து பலகைக்குப் பக்கத்தில் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு சாலை பின் ஒரு சாலையாக ஒத்துப் பார்த்தோம். தூரங்கள் கொஞ்சம் கூடக்குறைய இருந்தன. ஆனால் எந்தத் திருப்பமும் விட்டுப்போகவில்லை. எந்தச் சந்திப்பும் மாறியிருக்கவில்லை. மேப்பை ஒருமுறைகூடப் பார்க்காத மனிதர் வெறும் ஞாபகத்திலிருந்து ஒரு ஊரையே மரத்தில் இறக்கியிருந்தார். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் வரை பார்ப்போமே, அப்படி நாங்கள் அந்தப் பலகையைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம்.

"ஒண்ணு மட்டும் இல்ல சார்," என்றார் தினகரன் கடைசியில், தயங்கித் தயங்கி. "இந்தப் பக்கம் ஒரு இணைப்பு ரோடு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி போட்டது."

டேனியல் கையைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டார். "நான் பாக்காத ரோடு," என்றார்.

"வண்டி வெளியதான் நிக்குது சார்."

அப்படியே கிளம்பினோம். டேனியல் முன்சீட்டில். நானும் சுகாசினியும் பின்னால். இணைப்புச் சாலை தொடங்கும் இடத்தில் ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொன்னார். "முப்பதுலயே போப்பா. ஏத்தாத, எறக்காத." வலது கையைத் தொடைமேல் வைத்து விரலால் தாளம்போல எண்ணிக்கொண்டே வந்தார். திருப்பத்தில் உடம்பு சாயும்போது எண்ணுவதை நிறுத்தி, சாய்வு முடிந்ததும் மறுபடி தொடங்கினார். ஓர் இடத்தில், "பாலம். சின்னது. கீழ தண்ணி இல்ல," என்றார். இருந்தது சிறு பாலம்தான். கீழே வறண்டு கிடந்தது. கடைசியில் பழைய சாலையில் போய்ச் சேர்ந்ததும் காற்றை முகர்ந்து, "அட, செங்கல் சூளைகிட்ட வந்து முட்டுதா? இவ்ளோ கிட்டயா!" என்று வாய்விட்டு வியந்தார். "அந்தக் காலத்துல இது இருந்திருந்தா ஷிஃப்டுக்குப் பத்து நிமிசம் மிச்சமாயிருக்குமே!" மூன்று முறை போய் வந்தோம். மூன்றாவது முறை திருப்பம் வருவதற்கு முன்பே அவர் உடம்பு சாய்ந்தது.

வீடு திரும்பியதும் டீகூடக் குடிக்காமல் ஆணி அடித்தார். பட்டையை வளைத்தார். சுகாசினியே பிட்டை எடுத்து வந்து கொடுத்தார். மெஷின் மெதுவாக மூச்சிழுத்துத் தொடங்கியது. இரண்டே நிமிஷம். தூசியை ஊதியபோது, அவர் கண்ணால் ஒருநாளும் கண்டிராத சாலை பலகையில் இருந்தது. தினகரன் போனை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை.

சுகாசினி புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு பலகைக்கு அருகில் வந்தார். கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"ஏங்க, என் ஆஸ்பத்திரி எங்க? வெரலை வையுங்க."

டேனியல் அவர் விரலைப் பிடித்து ஒரு குழியில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். சுகாசினி அங்கிருந்து வீட்டை நோக்கி விரலை நகர்த்தினார். தினமும் பஸ்ஸில் வருகிற வழி. இரண்டாவது சந்திப்பிலேயே தடுமாறி நின்றார். விரல் இப்படியும் அப்படியும் தேடியது. கண்ணைத் திறக்கவில்லை.

"எனக்குத் தெரியல. எந்தப் பக்கம்?"

"வலது. மெதுவா. அவசரப்படாத. இப்ப ஒரு மேடு வரும், அது கோயிலு, அதை ஒட்டிக்கினே வா. ம்... நேரா. இப்ப வேகவதி. எறங்கி ஏறு. வந்துட்ட, வந்துட்ட."

விரல் வீட்டின் அந்தச் சின்னக் குழியில் போய் உட்கார்ந்தது. சுகாசினி அங்கேயே வைத்திருந்தார். மூடிய கண்ணின் ஓரத்தில் நீர் இறங்கியது. நானும் தினகரனும் சத்தம் போடாமல் வாசல் பக்கம் நகர்ந்தோம்.

"டீ குடிக்காம எங்க போறீங்க?" என்று உள்ளேயிருந்து டேனியல் குரல் கொடுத்தார். "ரெண்டு பேர் செருப்புச் சத்தமும் கேக்குது."